நெட்டாலுக்குப் போன பெரிய தாத்தாவை எங்கே தேடுவது?

கேள்வி: எங்களுக்கு ஆற்காடு பக்கம் ஒரு கிராமம். தாத்தாவின் அண்ணன் பெயர் முனுசாமி. வண்டி மாடு விற்ற காசு விஷயமாகத் தன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு இருபது வயது வாக்கில் வீட்டைவிட்டுப் போனவர், நெட்டாலுக்குக் கப்பல் ஏறிவிட்டார் என்று பாட்டி சொல்வார். ஆள்பிடிக்கிறவன் ஏமாற்றிக் கூட்டிப்போய்விட்டான் என்றும் சொல்வார்கள். அப்போது தாத்தாவுக்குப் பத்து வயதாம். தாத்தா 1970-ல் எழுபத்தைந்து வயதில் இறந்தார். நடுவில் எப்போதோ இரண்டு மூன்று கடிதம் வந்ததாகக் கேள்வி. இப்போது டிரங்குப் பெட்டியில் ஓர் உறை மட்டும் மிச்சம். அதில் இரண்டு தபால்தலைகள். ஒன்றில் ஆங்கிலம், இன்னொன்றில் ஏதோ வேறு மொழி. முத்திரை மங்கிவிட்டது, கடைசியில் ஜி, ஈ, ஆர் என்ற மூன்று எழுத்து மட்டும் தெரிகிறது. அவருக்குக் குடும்பம் இருந்ததா, இன்று யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. எங்கிருந்து தொடங்குவது? டி.என்.ஏ. சோதனை உதவுமா? என் சித்தப்பாவுக்கு 84 வயது. “எதுக்கும்மா கிளறுற, நிலத்துல பங்கு கேட்டு வந்துடப் போறாங்க” என்கிறார். அவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.
- ஓர் ஆசிரியை, ராணிப்பேட்டை மாவட்டம்

பதில்:

வணக்கம் டீச்சர்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். பெரும்பாலானவற்றில் ஒரு பெயரும் ஒரு பெருமூச்சும்தான் இருக்கும். நீங்கள் தாத்தாவின் வயதை எழுதியிருக்கிறீர்கள், உறையை விவரித்திருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

உறையிலிருந்தே தொடங்குவோம். நெட்டால் இருக்கும் தென்னாப்பிரிக்காவில் 1926 முதல் ஒரே தாளில் ஒரு தலை ஆங்கிலத்திலும் அதற்கடுத்தது ஆப்ரிக்கான்ஸ் மொழியிலுமாக மாற்றி மாற்றி அச்சடித்தார்கள். தபாலாபீசில் இரண்டு தலை கிழித்துக் கொடுத்தால் இரண்டு மொழியும் ஜோடியாக வரும். உங்கள் பெட்டியில் இருப்பது அந்த ஜோடி. ஆகவே அந்தக் கடிதம் 1926-க்கு முன்னால் புறப்பட்டிருக்க வழியில்லை. தாத்தா பிறந்தது 1895 வாக்கில், அண்ணன் போனது தாத்தாவின் பத்தாவது வயதில் என்றால் 1905-ஐ ஒட்டி. அப்படியானால் போய் இருபது வருடம் கழித்தும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார், அதுவும் ஊர் நினைப்போடு இருந்திருக்கிறார். காசோலையைக் கையில் வாங்கிய மாதிரி இதைச் சொல்லவில்லை. கடிதத்தை அவர் பெயரில் வேறு யாராவது எழுதியிருக்கலாம். ஆனாலும் தொடங்க இது போதும்.

அந்த மூன்று எழுத்து? எனக்கு உடனே தோன்றியது ஸ்டாங்கர். டர்பனுக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டர், கரும்புச் சீமை. சுற்றிலும் தோட்டங்கள், பக்கத்திலேயே கியர்ஸ்னி என்ற இடத்தில் அந்தக் காலத்தில் தேயிலைகூடப் போட்டிருந்தார்கள். வரைபடத்தில் தேடினால் கிடைக்கவில்லையே என்று பதறாதீர்கள், 2006-ல் அந்த ஊருக்குக் குவாடுகுசா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். முத்திரையை உறுதிசெய்ய ஒரு வழி: உறையை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி மொபைலில் படம் எடுங்கள். மை போனாலும் அச்சு அழுத்திய பள்ளம் காகிதத்தில் இருக்கும்.

உறையில் இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. உங்கள் கிராமத்தின் பெயரை அதில் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள்? அந்த எழுத்துக்கூட்டலை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெட்டாலில் இருந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரை எந்த உச்சரிப்பில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேருடன் டர்பனில் நின்றது. அங்கே தொடங்கி, 1866-லிருந்து 1874 வரை ஓர் இடைவெளி விட்டு, 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நெட்டாலுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழர்கள், தெலுங்கர்கள். உங்கள் வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். இத்தனை பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்துப் பேரேட்டில் எழுதினார்கள். அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம் தழும்பு, உயரம், கப்பல், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் இருக்கும். நம் ஊரில் அந்தக் காலத்து ஏழைக் குடியானவன் ஒருவனைப் பற்றி இவ்வளவு விவரம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஊரைவிட்டுப் போனதால்தான் அவர் காகிதத்தில் ஏறினார். கூடவே இருந்து உழுத உங்கள் தாத்தாவைப் பற்றி இதில் பத்தில் ஒரு பங்கு தகவல்கூட அரசாங்கத்திடம் இல்லை.

இந்தக் கப்பல் பட்டியல்களின் கணினிப் பதிவு டர்பனில் குவாசுலு-நெட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இருக்கிறது. மூலப் பேரேடுகளும் குடியேற்றத் துறைக் கோப்புகளும் தென்னாப்பிரிக்க அரசு ஆவணக் காப்பகங்களில். உங்களுக்கு வேண்டியது அந்த எண். அது கிடைத்துவிட்டால் மற்ற கோப்புகள் எல்லாம் அதன் பின்னால் வரும். பெயரை நம்பித் தேடுகிறவர்கள்தான் வழி தவறிப்போகிறார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முனுசாமி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆற்காட்டில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். எழுதிய குமாஸ்தா வெள்ளைக்காரரோ வேறு மாகாணத்துக்காரரோ, காதில் விழுந்ததை எழுதினார். மூனசாமி, மூன்சாமி, முனிசாமி, மூனேசாமி என்று பத்து விதத்தில் வரும். அக்கால ஆங்கில எழுத்துமுறைக்கு ஒரு கணக்கு உண்டு. இரட்டை ‘ஓ’ போட்டிருந்தால் அது நம் உகரம். ‘ஏ’வுக்குப் பின் ‘டபிள்யூ’ வந்தால் அது ‘ஆ’. ‘யு’ என்ற எழுத்தைப் பல இடத்தில் நம் அகரத்துக்குப் போட்டார்கள். பஞ்சாபையும் கல்கத்தாவையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், புரிந்துவிடும். ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் வரதப்பன் என்று வைத்துக்கொண்டால், பேரேட்டில் அது ‘வுர்தாப்பென்’ என்று படிக்கிற மாதிரி இருக்கும். ‘திரு’ என்று தொடங்கும் ஊரெல்லாம் ‘ட்ரி’ ஆகிவிடும். ழகரம் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், பழவேற்காட்டைப் புலிகாட் ஆக்கியவர்கள் அவர்கள்.

உரக்கப் படியுங்கள். இதுதான் என் முறை. பேரேட்டில் இருப்பதை ஆங்கிலேயன் படிக்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தால், காது தமிழைக் கண்டுபிடித்துக்கொடுக்கும். நீங்கள் டீச்சர், எழுத்துப்பிழையோடு எழுதும் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திப் பழகியவர். என்னைவிட வேகமாகச் செய்வீர்கள்.

பெயரைவிடத் தகப்பன் பெயர் முக்கியம். 1900-லிருந்து 1910 வரை சென்னையிலிருந்து போன கப்பல்களில், வயது 17-லிருந்து 28 வரை, ஜில்லா வட ஆற்காடு, தகப்பன் பெயர் இன்னது என்று வடிகட்டுங்கள். வயதைக் கறாராகப் பிடிக்காதீர்கள். யாருக்கும் பிறந்த தேதி தெரியாது, ஆளைப் பார்த்து இருபது, இருபத்தைந்து என்று போட்டார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. நிச்சயமாகத் தெரியாதென்றால் பழைய பத்திரத்தில் பாருங்கள். தாத்தா பெயரில் கிரயமோ அடமானமோ எழுதியிருந்தால் ‘இன்னார் குமாரர்’ என்று இருக்கும். நிலம் இருந்த குடும்பம் என்கிறீர்கள், செட்டில்மென்ட் கால ‘அ’ பதிவேட்டிலும் பட்டாதாரர் பெயராகக் கிடைக்கலாம்.

ஜில்லாவும் இன்றைய மாவட்டமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 1905-ல் வட ஆற்காடு என்றால் சித்தூர், காளஹஸ்தி, பலமனேர் எல்லாம் அதற்குள். 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. அதே வருடம்தான் சேலத்தில் இருந்த திருப்பத்தூர் தாலுகா வட ஆற்காட்டுக்கு வந்தது. பிறகு 1989-ல் ஒரு பிரிவினை, 2019-ல் இன்னொன்று. அதில்தான் உங்கள் ராணிப்பேட்டை பிறந்தது. இந்தத் தாலுகா விவகாரத்தில் நான் ஒருமுறை பட்ட அவமானத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிது. டர்பனிலிருந்து ஒரு குடும்பம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அவர் மனைவி, பேத்தி. பேரேட்டு நகலில் கிராமம் புதூர் என்று தெளிவாக இருந்தது. தாலுகா இருந்த இடத்தில் மை கலைந்து, டபிள்யூ, ஏ என்ற முதல் இரண்டு எழுத்துதான் தெரிந்தது. நான் வாலாஜா என்று அடித்துச் சொன்னேன். வாலாஜா பக்கம் ஒரு புதூருக்கு அழைத்துப் போனேன். ஊரே கூடியது, மேளம், மாலை. மாரியம்மனுக்கு அபிஷேகம் செய்தார்கள். பெரியவர் கோயில் வாசலில் ஒரு பிடி மண்ணை எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டார். நாலு மாதம் கழித்து மூலப் பேரேட்டின் தெளிவான படம் வந்தது. வந்தவாசி. ஆங்கிலத்தில் அதற்கும் முதல் இரண்டு எழுத்து அதேதான். அதே ஜில்லா, அங்கேயும் புதூர் இருக்கிறது. போனில் கூப்பிட்டுச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இந்த மண்ணை என்ன செய்யட்டும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வைராக்கியம். பெயர், தகப்பன் பெயர், தாலுகா, கிராமம் நான்கில் குறைந்தது மூன்று பொருந்தாமல், அதுவும் மூலப் பேரேட்டின் படத்தைக் கண்ணால் பார்க்காமல், யாருக்கும் ‘இவர்தான்’ என்று சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். கணினிப் பதிவு வேறொருவர் படித்து எழுதிய நகல். அவரும் என்னைப்போல வாலாஜா என்று படித்திருக்கலாம்.

தழும்பு, மச்சம் பத்தியை யாரும் பொருட்படுத்துவதில்லை. சித்தப்பாவிடம் கேளுங்கள், மாடு முட்டியது, அரிவாள் பட்டது என்று ஏதாவது கதை இருக்கிறதா என்று. இரண்டு முனுசாமிக்கு நடுவில் தீர்ப்புச் சொல்ல ஒரு புருவத் தழும்பு போதும்.

எண் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் 1905-ல் போயிருந்தால் ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1910-ல் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் முன்னால் மூன்று வழி. திரும்பிப் போகலாம், மறுபடி ஒப்பந்தம் போடலாம், அல்லது சுதந்திரமாக இருக்க வருடத்துக்கு 3 பவுன் தலைவரி கட்டலாம். 1895-ல் போட்ட சட்டம் அது. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், வந்த புதிதில் வாங்கிய சம்பளத்தில் ஆறு மாதக் காசு. 1913-ல் வேலைநிறுத்தம் வெடித்ததற்கு முக்கியக் காரணம் இந்த வரி. 1914-ல்தான் எடுத்தார்கள். அவர் எந்த வழியில் போனார் என்பது குடியேற்றத் துறைக் கோப்புகளில் தெரியக்கூடும். முதலாளி மாறியது, கல்யாணம் பதிவுசெய்தது, குழந்தை பிறந்தது, ஊர் திரும்பியது எல்லாம் ‘பாதுகாவலர்’ என்று ஓர் அதிகாரி அலுவலகம் வழியாகத்தான் நடக்கவேண்டும். 1894-ல் பல் உடைபட்டு ரத்தம் ஒழுக காந்தியிடம் வந்த பாலசுந்தரம் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரை வேறு முதலாளியிடம் மாற்றுவதும்கூட அந்த அலுவலகம் வழியாகத்தான் நடந்தது.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில்தான் அனுப்பினார்கள். எனவே தனியாகப் போன ஆண்கள் பலருக்கு அங்கே குடும்பம் அமையவில்லை. அமைந்தாலும் பெண் தெலுங்கோ, வேறு சாதியோ, கல்கத்தாக் கப்பலில் வந்தவரோ ஆக இருக்கலாம். வீட்டில் யாராவது மூஞ்சியைச் சுளிப்பார்கள் என்றால் இப்போதே தயார்ப்படுத்தி வையுங்கள்.

அவர் அங்கேயே இறந்து, கொஞ்சம் சொத்தோ சேமிப்போ வைத்திருந்தால், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய புதையல் சொத்துக் கோப்பில் இருக்கும் மரண அறிவிப்புப் படிவம். இறந்தவர் எங்கே பிறந்தார், அப்பா அம்மா யார், மனைவி யார், பிள்ளைகள் பெயர் என்னென்ன என்று ஒரே பக்கத்தில் கேட்டு எழுதியிருப்பார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்தக் கோப்புகள் உள்ளன. ஃபேமிலிசர்ச் என்ற இலவச இணையதளத்தில் நெட்டால் பதிவுகள் பலவற்றைப் படமாகவே பார்க்கலாம். தென்னாப்பிரிக்கத் தேசியக் காப்பகத்தின் இணைய அட்டவணையிலும் தேடுங்கள், ஆனால் அதில் கோப்பின் தலைப்புதான் வரும், உள்ளே இருப்பது வராது. தோட்டக் குடிசையில் ஒன்றுமில்லாமல் செத்தவருக்குச் சொத்துக் கோப்பு இருக்காது. அதை இல்லை என்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சந்ததியைத் தேடும்போது குடும்பப் பெயர் விஷயத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அங்கே அதிகாரிகளுக்கு ‘சர்நேம்’ வேண்டும், நம்மிடம் அது கிடையாது. சிலர் தகப்பன் பெயரைக் கொடுத்தார்கள், அது அப்படியே தலைமுறைக்கும் ஒட்டிக்கொண்டது. சிலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். முதலியார் ‘மூட்லி’ ஆனார், கவுண்டர் ‘கவுண்டன்’, ‘கோவெண்டர்’ என்றெல்லாம் ஆனார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவருக்கு ஒரு சர்நேம், இளையவருக்கு இன்னொன்று என்பதும் சகஜம். உங்கள் உறவினர்கள் இன்று மூன்சாமியாக இருக்கலாம், கொள்ளுத்தாத்தா பெயரிலும் இருக்கலாம். ஃபேஸ்புக்கில் கண்ட மூன்சாமிக்கெல்லாம் செய்தி அனுப்பும் வேலை வேண்டாம். செய்தவர்களை எனக்குத் தெரியும், பதில் வந்தவர்கள் யாரையும் தெரியாது.

அதைவிடக் குலதெய்வம் நல்ல வழிகாட்டி. ஊர்ப் பெயர் மறந்த குடும்பங்கள்கூட சாமியை மறக்கவில்லை. தீமிதியும் காவடியும் அங்கே இன்றும் நடக்கின்றன. டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் உங்கள் ஊர் ஆடி மாதம் ஞாபகம் வரும். உங்கள் குலதெய்வம் சாதாரண மாரியம்மனாக இல்லாமல், அந்த ஊருக்கே உரிய பெயருள்ள சாமியாக இருந்தால், அதை உங்கள் விசாரணைக் கடிதத்தில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஸ்டாங்கர் பக்கத்துக் கோயில் நிர்வாகிகளுக்கும் டர்பனில் உள்ள ‘1860 ஹெரிடேஜ் சென்டர்’ அருங்காட்சியகத்துக்கும் எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதுங்கள், தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே குறைந்துவிட்டார்கள்.

எழுதும்போது இரண்டு எச்சரிக்கை. ‘கூலி’ என்ற சொல்லை மறந்தும் போடாதீர்கள். நமக்கு அது வேலைக்குக் கிடைக்கும் காசு. அங்கே நூறு வருடமாக முகத்தில் எறிந்த வசவு. ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்றே எழுதுங்கள். இரண்டாவது, பேரேட்டில் சாதிப் பத்தி இருக்கிறது என்றேன். அதை அவர்களிடமிருந்து மறைக்கவேண்டாம், ஆனால் முதல் கடிதத்தில் அதை இழுக்கவும் வேண்டாம். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். பலபேர் கேட்பதே இல்லை.

ஏமாற்றிக் கூட்டிப்போனார்களா, கோபித்துக்கொண்டு தானே போனாரா என்று குழம்பியிருக்கிறீர்கள். இதைப் பேரேடு தீர்த்துவைக்காது. மாஜிஸ்திரேட் முன்னால் ‘சம்மதித்துப் போகிறேன்’ என்று சொன்னதாகத்தான் எல்லோருக்கும் காகிதம் இருக்கும். மாட்டுக் காசுச் சண்டையும் உண்மையாக இருக்கலாம், ரோட்டில் நின்ற ஆள்பிடிக்கிறவன் சக்கரை தடவிப் பேசியதும் உண்மையாக இருக்கலாம். சண்டை போட்டு வெளியேறும் இருபது வயதுப் பையனுக்காகத்தானே அவன் அங்கே நின்றான். இரண்டு கதையையும் எழுதி வையுங்கள், ஒன்றை அழிக்காதீர்கள்.

டி.என்.ஏ. பற்றி. அவருடைய பேரப்பிள்ளைகள் உங்களுக்கு ஒன்றுவிட்ட உறவுக்கும் ஒரு படி தள்ளி. அந்த உறவில் சராசரியாக 3 சதவீதம் மரபணு பொதுவாக இருக்கும். சோதனையில் தெரியும் அளவுதான். ஆனால் அவர்களும் அதே நிறுவனத்தில் சோதனை செய்திருக்கவேண்டும். இன்னொரு சிக்கல் நம்முடையது: அத்தை மகள், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்கள் நாம். எல்லோரும் எல்லோருக்கும் இரண்டு மூன்று வழியில் சொந்தம். அதனால் தூரத்துச் சொந்தம்கூடக் கணினியில் நெருங்கிய சொந்தமாகத் தெரியும். காகிதத்தில் ஆளைப் பிடித்த பிறகு உறுதிசெய்துகொள்ள அது உதவும். ஆளைப் பிடிக்க அதை நம்பாதீர்கள். செய்வதென்றால் உங்களுக்குச் செய்வதைவிட சித்தப்பாவுக்குச் செய்வது நல்லது, அவர் ஒரு தலைமுறை நெருக்கம். எச்சில் கொடுக்கச் சம்மதிப்பாரா என்பது உங்கள் சாமர்த்தியம்.

சித்தப்பாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். நிலத்தை வைத்துப் பிழைத்தவருக்கு வரும் நியாயமான பயம். நான் வக்கீல் இல்லை. பட்டா யார் பெயரில் எப்போது மாறியது என்ற காகிதத்தோடு உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் அவரையே அழைத்துப் போய்க் கேட்கவைத்துவிடுங்கள், நீங்கள் சொல்வதைவிட அவர் சொன்னால் நம்புவார். என் அனுபவத்தில், அங்கிருந்து வந்தவர்கள் கேட்டதெல்லாம் பழைய வீடு எங்கே இருந்தது, புகைப்படம் இருக்கிறதா, சாமி பேர் என்ன என்பதுதான். ஒருவர் அம்மிக்கல்லைக் கேட்டார். கொடுக்கவில்லை, வேறு கதை அது.

முழு வம்சாவளியும் எடுத்துத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள் என்கிறவர்களுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். காப்பகத்தில் நகல் எடுக்கும் கட்டணம் கொஞ்சம்தான்.

நெட்டால் இல்லாமல் வேறு சீமைக்குப் போனவர்களைத் தேடும் வாசகர்களுக்கு ஒரு வரி. மொரீசியசுக்கு 1834-லிருந்தே போனார்கள், அந்தப் பேரேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படமே உண்டு. மலாயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி மூலம் போனவர்கள் கதை வேறு. அங்கே ஆளுக்கொரு வரி இப்படிக் கிடைப்பது அரிது, தோட்டம், கோயில், பள்ளிக்கூடம் என்று தேடிப்போகவேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

டீச்சர், இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள். உறையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்க மடிப்பில் அனுப்பியவர் விலாசம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல், ஒட்டியபடியே வெளிச்சத்தில் பாருங்கள். கொள்ளுத்தாத்தா பெயரை எழுதுங்கள். மூன்றாவது சித்தப்பாவிடம். பெரிய தாத்தாவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது என்பார். வேறு மாதிரிக் கேளுங்கள்: அவருக்கு எப்போதாவது வீட்டில் கருமாதி செய்தார்களா? படையலில் தாத்தா யார் யார் பேரைச் சொல்லிச் சோறு வைப்பார்? அவர் பேருக்கும் இலை போட்டிருந்தால், சாவுச் சேதி எந்த வருடமோ அந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. எந்த வருடத்திலிருந்து போட ஆரம்பித்தார்கள் என்று சித்தப்பாவுக்கு நினைவிருக்கிறதா என்று எழுதுங்கள்.